முழங்கால் ‘தேஞ்சுபோச்சு’ என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

அறுபதைத் தாண்டிய ஒருவர் முட்டிவலி என்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால், அந்தப் படத்தோடு கூடவே ஒரு சொல்லும் வந்துவிடும்: “தேஞ்சுபோச்சாம்.” அன்றைக்கே வீட்டுச் சட்டங்கள் மாறும். மாடி ஏறாதீங்க, கடைக்கு நான் போயிட்டு வரேன், சும்மா உட்காருங்க. எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்த அக்கறையில் பாதி அந்தக் காலை இன்னும் வேகமாகப் பலவீனப்படுத்துகிறது. ‘தேய்மானம்’ என்ற சொல்தான் இதற்குக் காரணம். டயரும் செருப்பும் தேய்வதுபோல மூட்டும் தேய்கிறது, அதனால் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நாள் வரும் என்ற கணக்கை அது மனதில் பதித்துவிடுகிறது. மூட்டு அப்படி வேலை செய்வதில்லை.

முதலில், மூட்டுக்குள் என்ன இருக்கிறது

தொடை எலும்பின் கீழ்முனையும் கணுக்காலை நோக்கிப் போகும் பெரிய எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடம்தான் முழங்கால். முன்னால் முட்டிச்சில்லு. எலும்புகளின் முனைகளில் வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது, அதுதான் குருத்தெலும்பு. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள். நம் ஊரில் ‘ஜவ்வு’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த மெத்தையைத்தான், சில சமயம் எலும்புகளை இழுத்துப் பிடிக்கும் தசைநார்களையும் அதே பெயரில் சொல்வதால் குழப்பம் வரும். இவை அனைத்தையும் ஓர் உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் உட்படலம் சுரக்கும் திரவத்தைத்தான் ‘மூட்டு எண்ணெய்’ என்கிறார்கள்.

இங்கே இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

1. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. அது தேய்ந்தாலும் அதற்கு வலிக்கத் தெரியாது. வலி வருவது சுற்றி இருப்பவற்றிலிருந்து: அடியில் இருக்கும் எலும்பு, வீங்கிப்போன உட்படலம், இழுபடும் தசைநார், சோர்ந்துபோன தொடைத் தசை.

2. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயும் கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்துதான் போக வேண்டும். தண்ணீரில் கிடக்கும் பஞ்சை அமுக்கி விட்டால் எப்படி உறிஞ்சுமோ, அதேபோலக் காலில் எடை விழுந்து விழுந்து எழும்போதுதான் திரவம் உள்ளே போய் வருகிறது. அசைவே இல்லாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு.

அதனால் வயதானவர்களுக்கு வரும் இந்த மூட்டுவாதத்தை வெறும் உராய்வு என்று சொன்னால் போதாது. உடல் சேதத்தைச் சரிசெய்யப் பார்க்கிறது, அந்த முயற்சி முழுதாகக் கைகூடவில்லை. ஓரங்களில் முள்போல எலும்பு வளர்வது, உட்படலம் வீங்குவது, நீர் கோப்பது எல்லாம் அந்த முயற்சியின் அடையாளங்கள். வயது, உடல் எடை, பழைய அடி, குடும்ப வாகு, கால் வளைந்திருக்கும் விதம் எல்லாம் இதில் பங்கெடுக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு, அதிகம் வருகிறது.

‘கால்சியம் கம்மி, அதான் முட்டி வலிக்குது’ என்று சொல்வதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கால்சியம் எலும்பின் உறுதிக்கு. குருத்தெலும்பு தேய்வதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. எலும்பு பலவீனம் இருப்பவருக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும்தான், ஆனால் அவை முட்டிவலிக்கு மருந்து ஆகாது.

எக்ஸ்ரேயில் ‘கிரேடு 4’ என்றால்

எக்ஸ்ரேயைப் பார்த்து 0 முதல் 4 வரை படிநிலை போடும் முறையை 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இன்றைக்கும் ரிப்போர்ட்டில் வருவது அந்த எண்தான். எலும்புகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் முள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லும். எவ்வளவு வலிக்கும், எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதைச் சொல்லாது. கிரேடு 4 வைத்துக்கொண்டு தினமும் சந்தைக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள், கிரேடு 2 வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் தொடைத் தசையின் பலமோ இரவுத் தூக்கமோ வீழ்ந்துவிடுவோமோ என்ற பயமோ தெரியாது. வலியின் அளவைத் தீர்மானிப்பதில் இவை மூன்றுக்கும் பெரிய பங்கு உண்டு.

45 வயதைத் தாண்டியவருக்கு, நடந்தால் வலி, காலையில் எழுந்ததும் இறுக்கம் இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடுகிறது என்றால், படமே எடுக்காமல் இது மூட்டுவாதம் என்று முடிவு செய்யலாம் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்.

ஆனால் எல்லா முட்டிவலியும் இது அல்ல. காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் முடக்குவாதமாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மூட்டுகள் வலிப்பது 2006க்குப் பிறகு தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த கதை. முட்டி ஒரே நாளில் சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ கூடாது. கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும் அப்படித்தான், இரத்தக் கட்டி இருக்கலாம்.

நடையை நிறுத்தினால் நடக்கும் சங்கிலி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முட்டியைத் தாங்குவது எலும்பு மட்டும் இல்லை, தொடையின் முன்பக்கத் தசையும்தான். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் விழும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். வலிக்கிறது என்று நடை குறைந்தால் அந்தத் தசை இளைக்கும். எவ்வளவு வேகமாக இளைக்கும் தெரியுமா? நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாள் முழுப் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது, அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் தசை போயிருந்தது. வீட்டில் நாற்காலியே கதி என்று உட்கார்ந்தால் அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனால் திசை அதுதான்.

தசை இளைத்தால் முட்டியில் விழும் சுமை கூடும், வலி கூடும். வலி கூடினால் நடை இன்னும் குறையும். எடை ஏறும், சர்க்கரை ஏறும். மாடிப்படியில் திடீரென்று ‘முட்டி விட்டுக்கொடுத்த’ மாதிரி ஆகும், அது பல நேரம் எலும்புக் கோளாறே இல்லை, வலியும் வீக்கமும் தொடைத் தசையை ஒரு கணம் அணைத்துவிடுவதால் நடப்பது. அதற்கப்புறம் பயம் வரும். பயம் வந்தால் கோயிலுக்குப் போவது நிற்கும், கல்யாண வீடு நிற்கும், பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீடு நிற்கும். எக்ஸ்ரேயில் எதுவும் மாறியிருக்காது, ஆள் மட்டும் வீட்டுக்குள் சுருங்கியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். இரவு முழுக்க, மாதக்கணக்கில் அப்படியே வைத்துப் படுத்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய், பிறகு நேராக நீட்ட முடியாமல் போகும். நேராக நீட்ட முடியாத கால் எப்போதும் பாதி மடக்கிய நிலையில் நிற்க வேண்டியிருக்கும். நீங்களே பாதி மடக்கி ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தொடை எரியும். அந்த முதியவர் நாள் முழுக்க அப்படித்தான் நிற்கிறார்.

சரி, என்ன பயிற்சி, எவ்வளவு?

டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ஒரு பயிற்சித் திட்டம் இப்போது பல நாடுகளில் நடக்கிறது: மூட்டுவாதம் பற்றிக் கொஞ்சம் பாடம், பிறகு வாரம் இரண்டு முறை, ஆறு வாரம், இயன்முறை மருத்துவர் முன்னிலையில் பயிற்சி. பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. அடிப்படையில் நம் வீட்டிலேயே செய்யக்கூடியவைதான்.

1. துண்டை அமுக்குவது. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அமுக்குங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை. அமுக்கி முடித்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும்.

2. காலை நேராகத் தூக்குவது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றதை மடக்காமல் ஓர் அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குவது. இறக்கும்போது தொப்பென்று போடக் கூடாது, பலன் பாதி இறக்குவதில்தான்.

3. நாற்காலியிலிருந்து எழுவது. கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார்வது. முதலில் முடியாது. நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டால் முடியும், இரண்டு வாரத்தில் தலையணையை எடுத்துவிடலாம். கழிவறையிலிருந்து யார் துணையும் இல்லாமல் எழுந்து வருவதற்கான ஒத்திகை இது என்பதால், மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் இதையே எடுப்பேன்.

நடையைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் முப்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் படுத்துவிடுவதைவிட, பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடப்பது நல்லது.

வலித்தால் நிறுத்த வேண்டுமா? எல்லோரும் தடுமாறும் இடம் இது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மதிப்பெண் போட்டால், பயிற்சியின்போது ஐந்து வரை போவது பரவாயில்லை, அடுத்த நாளைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு ‘எக்சர்சைஸ் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

பயிற்சியாளரிடம் போக முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தரத்தானே வருகிறார்கள் என்று பலர் இதைக் கேட்பதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எடைக் கணக்கு

ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து சொன்னார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ மிச்சம். வீட்டுக்குள்ளேயே ஒரு நாளைக்கு மூவாயிரம் அடி நடந்தாலும் ஒரு காலுக்கு ஆயிரத்து ஐந்நூறு அடி, ஆக ஒரு முட்டிக்கு ஒரே நாளில் முப்பது டன் குறைவு. ஐம்பது வயதுக்கு மேல் ஐந்து கிலோ குறைப்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன். மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று போகும் தட்டில் பருப்பும் முட்டையும் சுண்டலும் கூடி, அரிசி குறைய வேண்டும். புரதத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டால் எடையோடு தசையும் போய்விடும், அப்புறம் பழைய சங்கிலிதான்.

மாத்திரை, பொடி, ஊசி

முதலில் தடவும் மருந்து. டைக்ளோஃபெனாக் ஜெல் முட்டி போன்ற மேலோட்டமான மூட்டில் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் மாத்திரை அளவுக்குத் தொடுவதில்லை. பாரசிட்டமால் பாதுகாப்பானது, ஆனால் இந்த வலிக்கு அதன் பலன் மிகக் குறைவு.

வலி மாத்திரைகளில்தான் எனக்கு உண்மையான கவலை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் கொஞ்ச நாளைக்கு, மருத்துவர் சொன்ன அளவில் உதவும். ஆனால் முட்டிவலிக்காரர் பெரும்பாலும் பிரஷர்காரராகவும் இருப்பார். டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில் வகை மாத்திரை ஒன்று, நீர் பிரியும் மாத்திரை ஒன்று, அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்றும் ஒன்றுகூடிச் சிறுநீரகத்தை முடக்கிவிடலாம். வாந்தி பேதி வந்து உடலில் நீர் குறைந்த நாளில் இது இன்னும் ஆபத்து. மருந்துக்கடையில் ‘முட்டிவலிக்கு ஒரு செட் குடுங்க’ என்று வாங்கும் பெயரில்லாத செட்டிலும், லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. இரண்டே நாளில் வலி மாயமாகப் போனால் மகிழ்ச்சி வரும், ஆனால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். முகம் உப்பி, சர்க்கரை எகிறி, எலும்பு நொய்ந்துபோன பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரியவருகிறது.

ஊசிகளைப் பற்றிச் சுருக்கமாக:

1. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், வீக்கம் அதிகமாக இருக்கும் சமயத்தில் பயன் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வில் (2017) வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தது. சர்க்கரை உள்ளவருக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2. ‘எண்ணெய் ஊசி’ அல்லது ஜெல் ஊசியை வழங்கவே வேண்டாம் என்கிறது பிரிட்டன் வழிகாட்டுதல். கிடைக்கும் பலன் விலைக்கு ஈடாகவில்லை.

3. சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசிக்கு இப்போது விளம்பரம் அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் அதையும் வெறும் உப்புநீரையும் ஒப்பிட்டு 2021இல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை.

துளை போட்டு மூட்டைக் ‘கழுவி விடும்’ சிகிச்சையும் இப்படித்தான். 2002இல் அமெரிக்காவில் 180 பேரை வைத்துப் பார்த்தார்கள், ஒரு பகுதியினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தையல் போட்டார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் அவர்களைவிட ஒன்றும் நன்றாக இல்லை.

வீட்டில் மாற்ற வேண்டியவை

முட்டியை ஆழமாக மடக்கும்போதுதான் முட்டிச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. அதனால் வலி இருக்கும் காலத்தில் குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறை, மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, தரையில் உட்கார்ந்து துணி துவைப்பது ஆகிய மூன்றையும் உயரத்துக்கு மாற்றினாலே பாதி நிம்மதி. வெஸ்டர்ன் கழிவறை கட்ட முடியாவிட்டால், நடுவில் துளை உள்ள நாற்காலியைப் பழைய பீங்கான் மேலேயே வைத்துக்கொள்ளலாம். சுவரில் கைப்பிடி போடுங்கள், துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள், ஆள் எடை விழுந்தால் திருகாணியோடு பெயர்ந்து வரும்.

கைத்தடி. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். கேட்டதும் தப்பாகத் தோன்றும், பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடித்து, வலிக்கும் காலோடு சேர்த்து முன்னால் வைத்தால்தான் எடை தடிக்குப் போகும். செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் பிடியின் உயரம். அடி ரப்பர் வழவழவென்று ஆகிவிட்டால் அன்றே மாற்றுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் காலும் தடியும் முதலில்.

ரயிலில் 60 வயது ஆன ஆண்களுக்கும் 45 வயது ஆன பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூட்டு மாற்று எப்போது

2000 அக்டோபரில் பிரதமராக இருந்த வாஜ்பாய் மும்பையில் இடது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டார், அடுத்த ஆண்டு வலது. நம் நாட்டில் பலரும் இந்த அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டது அப்போதுதான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு வரம்பு கட்டியது, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்றைய வரம்பு ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். அது மூட்டின் விலை மட்டும்தான், அறை, மருத்துவர் கட்டணம் எல்லாம் தனி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

எப்போது செய்வது என்பதற்கு எக்ஸ்ரே எண் மட்டும் பதில் ஆகாது. முறையான பயிற்சியை மூன்று மாதமாவது செய்து பார்த்தும், இரவில் வலி எழுப்புகிறது, குளிப்பதும் கழிவறை போவதுமே போராட்டமாக இருக்கிறது என்றால் அது நேரம். அதற்கு முன்னால் அவசரப்படத் தேவையில்லை, காலும் கோணலாகி நடையே நின்றுபோகும் வரை தள்ளிப்போடவும் கூடாது. மாற்றிய மூட்டுகளில் நூற்றுக்கு 82 போல 25 வருடம் உழைக்கின்றன என்று 2019இல் பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இன்னொரு எண்ணையும் மருத்துவர் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும்: ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு மாற்றிய பிறகும் வலி தொடர்கிறது. ரோபோ வைத்துச் செய்வதாகக் கூடுதல் பணம் கேட்டால், எலும்பை வெட்டும் துல்லியம் கூடுவது உண்மை, ஆனால் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த கொரிய ஆய்வு ஒன்றில் நோயாளிகளின் நடையிலும் வலியிலும் வேறுபாடு தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டால் அன்றிலிருந்தே மேலே சொன்ன மூன்று பயிற்சிகளையும் தொடங்கிவிடுங்கள், பலமான தொடையோடு போனால் எழுந்து நடப்பது எளிது. முடிந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள், வலிக்கும், அது சகஜம். அடுத்த ஆறு வாரம்தான் முக்கியம். மடக்குவதற்குக் கொடுக்கும் கவனத்தை நேராக நீட்டுவதற்கும் கொடுக்க வேண்டும். வீட்டில் யாராவது பாவம் என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் எடுத்துவிட்டு, அதைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.